வேண்டாம்னு சொன்னது யாரு

— கையை இப்படி நீட்டுங்கம்மா. ஐயையோ, என்ன இப்படி வெந்து கெடக்குது?

— சேலத்து ஆஸ்பத்திரியில ஏத்துன செவப்பு மருந்துங்க சிஸ்டர். நாலாந்தடவை ஏத்தறப்ப நரம்புக்குள்ள போகாம வெளிய கசிஞ்சிருச்சு. எரியுதுன்னு கத்துனேன். கூட இருந்த என் தங்கச்சி, இந்தா நிக்கறாளே ஆராயி, இவதான் ‘பொறுத்துக்கக்கா, முடிஞ்சிரும்’னா.

— வெரலை மடக்குங்க பாக்கலாம்.

— மடங்குனா இந்த எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு எதுக்கு வர்றனுங்க? மஞ்சக்குட்டைப் பக்கம் கண்ணம்மாளாட்டம் காப்பிப்பழம் பறிக்க ஆளில்லைன்னு பேரெடுத்த கை. இப்பச் சோத்தைப் பிசைய மாட்டேங்குது.

— எல்லாத்தையும் இந்த ஒரு கையிலயே ஏத்துனாங்களா?

— எடது மாருலதானுங்க கட்டி. அறுத்தெடுத்த பக்கத்துக் கையில ஊசி குத்தக் கூடாதாம். அப்பறம் இந்தக் கைதான மிச்சம்?

— உங்க ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிச்சேன். கையில குத்த வேண்டாம், கொழாய் வெச்சுக்கலாம்னு டாக்டர் அப்பவே சொல்லியிருக்காரே?

— என்ன கொழாயிங்க?

— தோளெலும்புக்குக் கீழ சின்னதாக் கீறி, மெல்லிசா ஒரு கொழாயை நெஞ்சுக்குப் போற பெரிய ரத்தக் கொழாய்க்குள்ள விடுவாங்க. ஒரு முனை வெளிய நிக்கும். மருந்து முடியற வரைக்கும் மாசக்கணக்கா அப்படியே இருக்கும். தடவைக்குத் தடவை நரம்பு தேடிக் குத்த வேண்டாம். கையும் வேகாது.

— ஏ ஆராயி, டாக்டரு என்ன சொன்னாருன்னு கேட்டதுக்கு, ‘உன் நரம்பு நல்லா இருக்குதாம்’னு சொன்ன?

— அவரு பாதி இங்கிலீசுல பேசுனாருக்கா. எனக்கென்ன வெளங்குச்சு?

— தமிழ்லதான் எழுதியிருக்கும்மா. தொண்ணூத்தி மூணு மார்ச் ரெண்டாந்தேதி. ‘குழாய் வைக்க நோயாளி மறுத்துவிட்டார்.’ கீழ கைநாட்டு இருக்கு.

— நா எந்தக் கைநாட்டும் வெக்கலீங்களே! அன்னைக்கு என்னைய எக்ஸ்ரே ரூமுக்குள்ள படுக்க வெச்சிருந்தாங்க. வெளிய இருந்தது இவ ஒருத்திதான்.

— அக்கா...

— யாரு ரேகைடி அது?

— என்னுதுதாங்கா.

— ஏண்டி?

— என்னைய என்ன பண்ணச் சொல்ற? நீ குணமாயி வர்ற வரைக்கும் உம்பேருல நா பறிக்கறேன்னு எஸ்டேட் கணக்கு எழுதற ரைட்டரு காலைப் புடிக்காத கொறையா கேட்டு வெச்சிருக்கறேன். நெஞ்சுல கொழாயைத் தொங்கவுட்டுட்டு நீ நடந்தீன்னா, இவ இனிமே கூடை தூக்க மாட்டான்னு ஆளுங்க லிஸ்ட்டுல பேரை அடிச்சிருவாரு. பேரு போனா எஸ்டேட்டுல குடுத்த லைன் ஊடும் போச்சு. நானும் எம்புள்ளைங்களும் உன் ஊட்லதானக்கா கெடக்கறோம்?

— எங்கிட்டக் கேட்டியாடி? உம்புருசன் உட்டுட்டுப் போன அன்னைக்கு நா உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டனா? கதவைத் தொறந்து உள்ள வான்னுதான சொன்னேன்? எனக்கு வயிறு எரியுது ஆராயி. ஊசி போட்டப்பக்கூட இப்படி எரியலை.

— கோவம் தீர ரெண்டு அடி அடிச்சிரு அக்கா.

— எந்தக் கையில அடிக்கறது? சொல்லு பாக்கலாம்... சரி, சரி, மூக்கைச் சிந்தாத. ஊடு போயிரும்னு பயந்துட்ட. எம்பேரு நிக்கோணும்னுதான பண்ணித் தொலச்ச. கூறுகெட்டவ. ஏனுங்க சிஸ்டர், இன்னும் ரெண்டு தடவை மருந்து பாக்கி இருக்குதுங்க. இப்பவாச்சும் அந்தக் கொழாயை வெக்க முடியுங்களா?

— தாராளமா வெக்கலாம். டாக்டருக்கு நானே லெட்டர் எழுதித் தர்றேன். ஒண்ணுதாம்மா, கொழாய் அடைச்சுக்காம இருக்க வாராவாரம் மருந்து விட்டுக் கழுவணும், கட்டு மாத்தணும்.

— அதுக்கு வாராவாரம் பஸ் ஏறிச் சேலம் எறங்கோணுங்களா? நொம்பக் கஷ்டமுங்களே.

— வேண்டாம்மா. இங்க நம்ம எஸ்டேட் டிஸ்பென்சரியிலயே நான் பண்ணிருவேன். டாக்டரும் அதைத்தான் எழுதியிருக்காரு. ‘எஸ்டேட்டிலேயே கழுவிக்கொள்ளலாம் என்று கூட வந்தவரிடம் சொல்லப்பட்டது.’ இருங்க, ஆளுங்க லிஸ்ட்டுல உங்க பேருக்கு நேரா குறிச்சுக்கறேன்.

— அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாங்க சிஸ்டர். அக்கா, எந்திரி, போலாம்.

— சித்த இருடி. அவங்க எழுதட்டும்.

— மேல் லைன், எத்தனாம் நம்பர் வீடும்மா?

— ஏழுங்க. இருவது வருசமா அதே ஊடுதான்.

— ஏழு... ஏழாம் நம்பருக்கு ஆராயின்னுல்ல போட்டிருக்கு? உங்க பேரை அடிச்சிருக்காங்களேம்மா. ‘வேலையை விட்டுவிட்டார். வேலையும் வீடும் தங்கைக்கு மாற்றப்பட்டன.’ தொண்ணூத்தி மூணு ஜனவரி பத்தாந்தேதி.

— ஜனவரியிங்களா?

— அக்கா, நா சொல்றதைக் கேளுக்கா...

— நீ ரேகை வெச்சது மார்ச்சுல. அதுக்கு ரெண்டு மாசம் முந்தியே எம்பேரு போயிருச்சு. கொழாய் வெச்சிருந்தா, கழுவறதுக்கு நா வாராவாரம் இந்த லிஸ்ட்டு முன்னால வந்து நின்னிருப்பேன். அதுக்குத்தான எங்கையை வேக வெச்ச, ஆராயி?