மழையால் போர் ரத்து

— சட்டையைத் தேய்ச்சுட்டியாம்மா? கூட்டத்துக்கு நேரமாச்சு.

— தேய்ச்சுக்கிட்டுத்தானே இருக்கேன் மாமா. நீங்க அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாம உட்காருங்க.

— உட்கார்ந்த இடத்துலயே பேசிப் பார்க்குறேன், கேளு. "நூலகர் அம்மா அவர்களே, வாசக நண்பர்களே... இந்த மாதம் நான் படித்த நாவல்கள்..."

— தபால்காரர் பேரைச் சொல்லலையே?

— வேணும்னேதான் விட்டேன். ரிட்டயர்டு ஆகியும் அந்த ஆளு வீடு வீடாப் போய் என் மானத்தை டெலிவரி பண்ணிக்கிட்டு இருக்கான். போன கூட்டத்துல கதாநாயகி பேரை அவ தங்கச்சி பேரா மாத்திச் சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவை! எழுந்து நின்னு கைதட்டிச் சிரிச்சான்மா. இன்னிக்கு ஒரு எழுத்து பிசகினாலும் நான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

— இன்னிக்குக் கூட்டத்துக்குப் போய்த்தான் ஆகணுமா மாமா?

— ஏம்மா, என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்ல மாமா. இஸ்திரிப்பெட்டி சூடாகலை.

— சரி, கேளு. "எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதால, அஞ்சு நாவலையும் என் மருமகள்தான் வாசிச்சுக் காட்டினா. மருந்துக்கடையில நாள் முழுக்க நின்னுட்டு வந்து..."

— ஐயோ, என் பேச்சை எதுக்கு எடுக்குறீங்க? வேண்டவே வேண்டாம்.

— பெத்த மகன் அரைப் பக்கம் வாசிச்சுட்டு குறட்டை விட்டான். அதையும் சொல்லுவேன். குறுக்கே பேசாதே. "முதல்ல துப்பறியும் நாவல். நான் ஆயுசு பூரா ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன். டிக்கெட் இல்லாத ஆளை மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சுடுவேன். இந்தக் கதையில ஒவ்வொருத்தனையும் சந்தேகப்பட்டேன், சமையல்காரனை, தம்பியை, டிரைவரை. கடைசியில பார்த்தா, கொலையானவனே எழுந்து உட்கார்றான்! மயக்கமாம்!"

— மாமா... முடிவை விட்டுடலாமே. முடிவைச் சொல்லிட்டா மத்தவங்க எப்படிப் படிப்பாங்க?

— அங்க வர்றவங்க எல்லாரும் படிச்சுட்டுத்தான் வர்றாங்க. தபால் ரெண்டு தடவை படிச்சிருப்பான். எனக்கு ஒரு சந்தேகம். நாலாம் அத்தியாயத்துலயே அந்த ஆளுக்குப் போஸ்ட்மார்ட்டம் ஆயிடுச்சே? அப்புறம் எப்படி எழுந்து காப்பி கேட்டான்?

— அது... லேசாத்தான் பண்ணினாங்க மாமா.

— லேசாவா?

— மேலோட்டமா.

— ஓகோ. மேலோட்டமா. அப்ப சரி. இடது கையில இன்னும் சுருக்கம் இருக்கு பாரு.

— எங்க... ஆமா, இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— நீ எப்பவுமே இடது கையை விட்டுடுவே. அனுபவம். "அடுத்தது பேய் நாவல். மாடி வீட்டுல வாடகைக்கு வந்த குடும்பம். அலமாரிக்குள்ள ஒரு பேய். பாதி வரைக்கும் எனக்கு முதுகுத்தண்டே சில்லிட்டுப் போச்சு. ஆனா, கடைசியில அந்தப் பேய் மன்னிப்புக் கேட்டுட்டு, வேற வீடு பார்த்துக்கிட்டுப் போயிடுது."

— மாமா, தொண்டை காயப்போகுது. தண்ணி கொண்டு வரவா?

— வேண்டாம். "போறப்ப அலமாரியைத் துடைச்சு வெச்சுட்டுப் போகுது. இவ்வளவு ஒழுங்கான பேயை நான் பார்த்ததே இல்லை. நம்ம வீட்டுலயே அப்படி ஒண்ணு இருந்தா உதவியா இருக்கும்..." ஏம்மா, சிரிக்கிறியா அழறியா?

— இருமல் மாமா. சொட்டு மருந்து விட்டுக்கிட்டீங்களா? இப்ப விட்டுடலாமா?

— பேச்சை மாத்தாதே. "மூணாவது, சரித்திர நாவல். இவ்வளவு பெரிய புத்தகம். ரெண்டு படையும் ஆத்தோரம் வந்து நிக்குது. இளவரசன் வாளை உருவுறான். முரசு கொட்டுது. உடனே..."

— மாமா...

— "...உடனே மழை வந்துடுது. போர் ரத்து. எல்லாரும் நனையக்கூடாதுன்னு வீட்டுக்குப் போயிடுறாங்க." ஏம்மா, போரா, கிரிக்கெட்டா?

— பெரிய மழை மாமா அது.

— எவ்வளவு பெருசு?

— குதிரை எல்லாம் வழுக்குது.

— அதையும் சேர்த்துச் சொல்றேன். தபால் கேள்வி கேட்டா வாயடைச்சுப் போவான்.

— சொல்லாதீங்க மாமா! தயவுசெஞ்சு குதிரையைச் சொல்லாதீங்க. ஒண்ணு பண்ணுவோமா? உடம்பு சரியில்லைன்னு போன் பண்ணிடுறேன். கூட்டத்துக்கு அடுத்த மாசம் போகலாம்.

— எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். நாலாவது, ராக்கெட் கதை. "தன்னந்தனியா ஒரு பொண்ணு. வழி தப்பிப் போச்சு. மூச்சுக்காத்துத் தீர்ந்துக்கிட்டே வருது. எனக்கு இங்க மூச்சு முட்டுது. கடைசி நிமிஷத்துல குனிஞ்சு பார்க்குறா, சீட்டுக்கு அடியில இன்னொரு சிலிண்டர்!" நானும் எத்தனையோ சீட்டுக்கு அடியில பார்த்திருக்கேன். செருப்பு கிடைச்சிருக்கு, குடை கிடைச்சிருக்கு, ஒருநாள் டிக்கெட் எடுக்காத ஆளே கிடைச்சான். சிலிண்டர் கிடைச்சதில்லை.

— போதும் மாமா, நிறுத்துங்க! நீங்க போய் இப்படிப் பேசினீங்கன்னா அந்த ஆளு உங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவார்.

— ஏன்? நீ வாசிச்சதைத்தானே சொல்றேன்?

— அதான் மாமா பிரச்சினையே...

— என்ன பிரச்சினை?

— திட்டக்கூடாது.

— முதல்ல இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வை. காலர் கருகப்போகுது.

— வெச்சுட்டேன். மாமா... டாக்டர் என்ன சொன்னார்? அழக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாதுன்னு சொன்னாரில்ல? நீங்க விளம்பரத்துல நாய்க்குட்டி தொலைஞ்சாலே துண்டை எடுத்துக்குற ஆளு. நூலகத்துலேர்ந்து எடுத்துட்டு வந்ததெல்லாம் ஒண்ணை விட ஒண்ணு சோகம். நான் என்ன பண்ணுவேன்? கடைசி அத்தியாயம் வந்ததும்... நானா ஏதோ சொல்லிட்டேன்.

— நானான்னா?

— புத்தகத்துல இல்லாததை. கொலையானவன் எழுந்திருக்கலை. கொன்னது துப்பறியறவரோட சொந்த அண்ணன். பேய் வீடு மாறிப் போகலை, அந்த வீட்டுக் குழந்தையையும் கூட்டிக்கிட்டுப் போயிடுது. மழையும் வரலை, ஒண்ணும் வரலை, இளவரசன் செத்துட்டான். ராக்கெட்டுல சிலிண்டர்...

— சிலிண்டர் இல்லை. "நேரத்துக்குச் சாப்பிடு"ன்னு மகள்கிட்ட சொல்லிட்டு, அந்தப் பொண்ணு ரேடியோவைத் தானே அணைச்சுடுறா. அழுகையை அடக்க முடியலைம்மா எனக்கு.

— ...மாமா?

— உம்.

— அந்த வரியை நான் வாசிக்கவே இல்லையே.

— நீ எங்க வாசிச்சே? நீதான் சீட்டுக்கு அடியில தேடிக்கிட்டு இருந்தியே.

— கண்ணாடியைக் கழட்டுங்க. கழட்டுங்கன்னு சொல்றேன்ல! இங்க பாருங்க. இது என்ன?

— என் சட்டை. இடது கையை இன்னும் நீ தேய்க்கலை.

— அடப்பாவி மாமா! எப்பலேர்ந்து?

— ரெண்டாவது தடவை செக்கப்புக்குப் போனப்பவே டாக்டர் படிக்கலாம்னு சொல்லிட்டார். அழுறதுக்கும் தடையில்லை. கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்.

— கூட வந்தவர்? உங்க மகன்?

— அவனுக்கும் தெரியும். வாயைத் திறந்தா இனிமே அவன்தான் வாசிக்கணும்னு சொன்னேன். கப்சிப்.

— வரட்டும் இன்னிக்கு! நான் தொண்டை கட்டி, கஷாயம் குடிச்சு, போரை நிறுத்துறதுக்கு வழி தெரியாம முழிச்சு... ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீங்க?

— சொன்னா நீ வாசிக்கிறதை நிறுத்தியிருப்பே. உங்க அத்தை போனதுக்கப்புறம் சாயங்காலம் ஆனா இந்த வீட்டுல ஒரு குரல் இல்லைம்மா. நீ கடையிலேர்ந்து வர்ற வரைக்கும் கடைசி அத்தியாயத்தை நானே படிச்சு அழுது முடிச்சுடுவேன். நீ வந்து அந்தப் பேயை எந்த வீட்டுக்கு அனுப்புறேன்னு கேட்கத்தான் காத்துக்கிட்டு இருப்பேன். இன்னிக்கு நீ எப்பத்தான் வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். குதிரை வழுக்கினப்பவே திறப்பேன்னு நினைச்சேன்.

— உங்களை... சரி, போகட்டும். இனிமே ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. அந்த அஞ்சாவது, குடும்ப நாவல். அதுலயும் அந்தம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து...

— நிறுத்து.

— இல்ல மாமா, சொல்லிடுறேன். நீங்க பாட்டுக்குப் போய் மேடையில...

— நிறுத்தும்மா. அந்தம்மாவோட வீட்டுக்காரர், அந்தப் பெரியவர், வார்டுக்கு வெளியே பெஞ்சுல சாப்பாட்டுப் பையோட உட்கார்ந்திருக்கார். நர்ஸ் கதவைத் திறக்குது. அதுவரைக்கும் எழுதினவர் எழுதினதுன்னு உன் குரல்லயே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தம்மா வீட்டுக்கு வந்து, "இருட்டுல என்ன தவம் பண்றீங்க, லைட்டைப் போட்டா கை தேய்ஞ்சா போயிடும்?"னு திட்டுதே... அது எழுதினவர் பேச்சா?

— இல்ல மாமா. அவசரத்துக்கு வேற எதுவும் வாயில வரலை. அத்தை சொல்றதுதான் வந்துச்சு. தப்புன்னா மன்னிச்சுடுங்க... நீங்க எப்பத்தான் அந்த முடிவைப் படிச்சீங்க?

— படிக்கலை. நாலு புத்தகத்துக்கும் உள்ளே இருக்கிற முடிவைத்தான் இன்னிக்குப் பேசப்போறேன், தபால் ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனா அஞ்சாவதை நான் பிரிக்கவே இல்லைம்மா, நீ மூடி வெச்ச மாதிரியே பையில இருக்கு. அதைப் பத்திப் பேசுறப்ப அவன் எழுந்து நின்னு வேற என்னமோ சொல்லுவான், எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். அந்தம்மா வீட்டுக்கு வந்துட்டா, வந்ததும் லைட் போடலைன்னு திட்டினா, என் காதால கேட்டேன்னுதான் சொல்லப்போறேன்... அந்த இடது கையை அப்படியே விட்டுடு, சட்டையைக் கொடு.