ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்புத் துண்டு

— ஏன் நட்டைக் கையால மட்டும் பூட்டுறீங்கள், சரீப்? ஸ்பேனரைப் போட்டு இறுக்குங்கோ.

— முன் சக்கரம் ஜாக்கில தொங்குது, டீச்சர். இது சக்கரத்தத் தாங்குற தண்டுட நட்டு, இப்ப இறுக்கினா உள்ளுக்க இருக்கிற ரப்பர் புஸ் வளையம் கிழிஞ்சிடும். காரை இறக்கி, பாரம் வந்த பொறகுதான் கடைசி இறுக்கு.

— அண்டைக்கும் இதைத்தான் சொன்னனீங்கள். காரை இறக்கினீங்கள், பாங்கு கேட்டுது, கையைக் கழுவிப்போட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிட்டீங்கள்.

— ஜும்மா, டீச்சர். தொழுதிட்டு வந்து இறுக்கத்தான் இருந்த.

— அதுக்கிடையில என்ர மனுசன் துறைமுகக் கந்தோர் வேலையால வந்து, இந்தக் காரை எடுத்துக்கொண்டு குச்சவெளிக்கு வெளிக்கிட்டார். இறக்கக்கண்டிப் பாலத்தடியில சக்கரம் கழண்டுது, ஆள் அந்த இடத்திலயே செத்துப்போனார். மூண்டு வருசமாச்சு. உங்களைப் பாக்கவே வயிறு எரியுது. விக்கமுதல் இந்தப் பழைய மொறிஸ் காரைத் திருத்தவேணும், வேற ஆரும் தொடமாட்டினமாம், அதாலதான் கூப்பிட்டனான்.

— வாங்குறவர் கேட்டா, சரீப் செஞ்ச வேலை எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. கூலி வேணாம். எங்கட மகள் பரீனாக்கு வந்த கலியாணமும் என்ட பேரு கெட்டதால குழம்பிட்டு.

— உங்கட பேரைச் சொன்னா ஆர் இதில ஏறுவான்? பொலிஸ் கேக்கேக்கை வாயே திறக்கேல்லை நீங்கள். குற்றம் செய்தவன் வேற எப்பிடி நிப்பான்?

— வேலை முடியாட்டி ஸ்டியரிங்கில சிவப்புத் துண்டு கட்டுறது என்ட வழக்கம். காரெடுத்துப் போன ஐயாக்கும் அது தெரியும். அண்டைக்கும் கட்டிட்டுத்தான் போன.

— துண்டோ? மூண்டு வருசம் யோசிச்சுக் கண்டுபிடிச்ச கதையோ இது? அவர் வெளிக்கிட முதல் காரைக் கூட்டித் துடைச்சது நான். ஒரு எண்ணெய்ப் பிசுக்கும் என்ர கண்ணில படக்கூடாது, தெரியும்தானே?

— ஓம். தெரியும்.

— அப்ப அந்தத் துண்டு எங்கை? காத்தில பறந்ததோ?

— விடுங்க, டீச்சர். காரை இறக்கப்போறன், தள்ளி நில்லுங்க.

— விடமாட்டன். உண்மையெண்டா பரீனாவின்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. ஏலாது, என்ன? பொய்க்காரன்!

— புள்ளைய இழுக்காதீங்க. நான் கட்டின துண்டைப் பொறகும் ஒருக்காக் கண்ட.

— எங்கை?

— செத்த வீட்டுக்கு வந்த நேரம், உங்கட வளவுக் கொடியில. அதுக்குப் பொறகுதான் பொலிஸ் என்னட்ட கேட்டது. நல்லாத் தோய்ச்சுக் காயப்போட்டிருந்தீங்க. ஒரு எண்ணெய்ப் பிசுக்கும் இல்ல, டீச்சர்.