வளையத்தை இழுக்காதவன்

பியர்ப் பீப்பாயில் சிக்கிக்கொண்ட முனையைக் கழற்றப் பலம் வேண்டியதில்லை. ஒரு குவளை வெந்நீரும் சரியான அளவு ஸ்பேனரும் இருந்தால் நான்கு நிமிட வேலை. முப்பத்தோரு வருடம் பால் தொழிற்சாலையில் குழாய்களோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், வழக்குக்குத் தேவையில்லை. டென்னி கிராடோக்விலுக்கு ஏழு வருடமாகியும் இது புரியவில்லை என்பதை வேண்டுமானால் எழுதுங்கள்.

இந்த ஷெபாய்கன் ஊரில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை காலை லோவலின் கார் ஷெட்டில் கூடுவோம். டென்னி பல் டாக்டர். எங்களில் ஆக விலையுயர்ந்த சாமான்கள் அவனுடையவை. ஆக மோசமான பியரும் அவனுடையதே.

எஃகுப் பீப்பாயின் தலையில் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்றில் காற்று உள்ளே போகும், மற்றதில் பியர் வெளியே வரும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் அளவில் சின்ன வித்தியாசம் உண்டு. காற்றுக்குழாயின் கவ்வியைப் பியர் முனையில் வைத்து அழுத்தினால் அது அங்கேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் கவ்வியோடு சேர்த்து முனையையே திருகிக் கழற்றினால்தான் உண்டு. குழந்தைக்கு ஒருமுறை சொன்னால் போதும். டென்னியோ மாதந்தோறும் அழுத்திவிட்டு, பீப்பாயைக் காரில் ஏற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவான். கையில் கூலியாக ஒரு பொட்டலம் சீஸ்.

"பல்லுன்னா வேரோட புடுங்கிருவேன் வெர்ல். இந்தச் சனியன் அசையவே மாட்டேங்குது."

நான் சிரித்ததில்லை. மூடியிலுள்ள வளையத்தை இழுத்து, உள்ளே அடைபட்ட காற்று முழுக்கச் சீறி வெளியேறும்வரை காத்திருப்பேன். முதல் வேலை அதுதான். காற்றுள்ள பீப்பாயில் ஸ்பேனர் வைப்பதும் துப்பாக்கிக் குழலில் கண்ணை வைப்பதும் ஒன்று. பிறகு வெந்நீர். அதன்பின் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் தளர்த்தும் பக்கம். அவன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஜனவரிக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த வேலையைத் தானே செய்துகாட்டப் போவதாக அறிவித்தான்.

"மொதல்ல ஒரு மயிரிழை இறுக்கணும். அதுதான் சூட்சுமம்" என்றான். என் வார்த்தை.

"நீங்களே கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டாள் மேரிபெத் என்கிற பள்ளி ஆசிரியை.

"பல் டாக்டர் கை ஆச்சேம்மா." பிறகு என் தோளில் தட்டினான். "நம்ம பிளம்பர் அடுத்த மாசம் ஒரு பீப்பாய் கொண்டாருவான். நல்லா சிக்க வச்சுக் கொண்டா வெர்ல். அதாச்சும் ஒனக்கு வரும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. என்னைக் கோபக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், விசாரித்துப் பாருங்கள். கேட்டதைக் கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் என் பழைய பீப்பாய் ஒன்றில் கவ்வியைத் தப்பான முனையில் சிக்கவைத்து, வழக்கத்தைவிடப் பல மடங்கு காற்றை அடைத்து எடுத்துப்போனேன். லோவல் போட்டோ எடுக்கிறான் என்று டென்னி பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டான். ஸ்பேனரை எடுத்தவன் என் காதருகே வந்தான். தனக்கு வேலை தெரியாது என்பது அடுத்தவருக்குத் தெரியக்கூடாதே.

"காத்த எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்."

இந்த ஒரு சொல்லைத்தான் நீங்கள் குற்றம் என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். வளையம் அவன் கைக்கு நாலு விரல்கடை தூரத்தில் இருந்தது. வேலை தெரிந்தவன் பெற்ற அப்பன் சொன்னாலும் நம்பாமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். நான் அவனுக்கு அவகாசம் கொடுத்தேன். முன்னால் நின்ற மேரிபெத்தை, "இந்தப் பக்கம் வாம்மா, வெளிச்சத்த மறைக்கிற" என்று என் பக்கம் கூப்பிட்டுக்கொண்டேன். அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது சுற்றில் முனை மெல்லச் சீறியது. அந்தச் சத்தம் கேட்டால் வேலை தெரிந்தவன் விலகுவான். டென்னி குனிந்து பார்த்தான்.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கன்னத்து எலும்பில் இரண்டு தகடு வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை என் சட்டையைக் கழற்றி அவன் முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தது நான்தான். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாதாம். தன் பல் மருத்துவமனையை மார்ச் மாதமே விற்றுவிட்டான். காற்றை இறக்காமல் கைவைத்தது தன் தப்புதான் என்று எல்லாரிடமும் சொன்னான், அன்று வந்த போலீஸ்காரரிடமும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி ஜோலீன் காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வெர்ல், அன்னிக்கு நீ எறக்கிட்டேன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. யார்கிட்டயும் சொல்லல."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"வயசாகுதுல்ல. எங்கப்பாவும் இப்படித்தான். அடுப்ப அணைச்சிட்டேம்பாரு, அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கும். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. ஒரு நல்ல டாக்டராப் பாத்துரலாம், நானும் கூட வரேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டான். மிச்சமிருந்த கண்ணில் நீர் நின்றது. எனக்காக.

போன சனிக்கிழமை லோவலின் ஷெட்டில் நான் ஸ்பேனரை எடுத்தேன். லோவல் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீ ஒக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்றான். மேரிபெத் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

அதனால்தான் நானாக வந்திருக்கிறேன். உண்மை வெளியே வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கமில்லை. எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் எழுதுங்கள், எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடுங்கள். வழக்கமாகப் பன்னிரண்டில் நிறுத்துகிறவன், அன்று காற்றின் அளவுமானியில் நூற்று இருபதைப் பார்த்த பிறகுதான் வால்வை மூடினேன். மறதி என்ற சொல் மட்டும் அந்தத் தாளில் எங்கும் வரக்கூடாது.