இடத்தைக் காலி செய்யவா?

— நாலாயிரத்து எண்ணூறு, அண்ணே. எங்க சாஃப்ட்வேரை ஓட்டிப் பாக்க வந்த ஆறு நாளுக்கு, ஒரு நாளைக்கு எண்ணூறு. எண்ணிப் பாத்துக்கோங்க.

— மேசையில வை.

— கையில வாங்கிக்கோங்களேன். ஒன்றரை மாசமா இழுத்தடிச்சது என் தப்புதான். கோபம் இருந்தா திட்டிடுங்க.

— மூட்டை தூக்கின கைம்மா, இன்னும் கழுவல. மேசையில வை. முதல்ல எங்கயாவது உக்காரலாமா? மூணு மாடி ஏறி வந்திருக்கேன். லிஃப்ட் என்ன ஆச்சு?

— பணம் கட்டலைன்னு நிறுத்திட்டாங்க. எந்த நாற்காலியில வேணும்னாலும் உக்காருங்க. ஆளே இல்ல.

— போன தடவை அஞ்சு பேர் இருந்தீங்க. கண்ணாடி போட்ட தம்பி ஒண்ணு, எப்பப் பாத்தாலும் பிஸ்கட் தின்னுக்கிட்டு...

— எல்லாரும் வேற வேலை பாத்துக்கிட்டாங்க. நான் மட்டும்தான். பிஸ்கட் டப்பா மட்டும் இருக்கு, வேணுமா?

— நமுத்துப் போயிருக்கும். வேணாம்.

— அப்போ எண்ணிட்டுக் கிளம்புங்கண்ணே. தப்பா நினைக்காதீங்க. இந்த பேக்கப் சாஃப்ட்வேரை வாங்கறதுக்கு நாளைக்கு ஒருத்தர் வரார். வாங்கினா எல்லாருக்கும் சம்பளம். இல்லைன்னா இந்த மேசையையும் வித்துடணும்.

— நான் பணத்துக்கு வரலம்மா.

— பின்ன?

— சரக்கை எடுக்க வந்தேன். உங்க கிடங்கில போட்டு வச்சேன்ல, அதைத் திருப்பிக் குடு.

— எந்தச் சரக்கு? ஓ, உங்க லேப்டாப்ல இருந்த அந்த ஒன்பது குரலா?

— ஆமா. என் பொண்ணு பேசி அனுப்பினது.

— அதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு தூரம் வந்தீங்க? அது உங்க லேப்டாப்லயே இருக்குமே. நாங்க எடுத்து வச்சது நகல்தான்.

— அங்க இல்ல. காலி பண்ணிட்டேன்.

— காலி பண்ணிட்டீங்களா? யார் பண்ணச் சொன்னது?

— நீதான் கேட்ட.

— நானா!

— ஸ்கிரீன்ல வந்துச்சு. அம்பத்து மூணு வயசில எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சவன்மா நான். எப்பப் படிச்சாலும் பக்கத்துல வாத்தியார் நிப்பாரு, இல்லைன்னா உங்க பிஸ்கட் தம்பி. அன்னிக்கு ஆறாவது நாள் முடிஞ்சு வீட்டுக்குப் போயி, தனியா உக்காந்து திறந்தேன். 'உங்கள் கோப்புகள் பத்திரமாகச் சேர்ந்தன. இடத்தைக் காலி செய்யவா?' நடுவுல திக்காம, யாரும் எடுத்துக் குடுக்காம, நான் படிச்ச முதல் வரி. ரெண்டாந்தடவை சத்தமாப் படிச்சேன். அப்புறம் 'ஆமாம்'னு இருந்ததை அமுக்கினேன்.

— ஐயோ, அண்ணே.

— என்ன ஐயோ? முப்பது வருஷமா லாரியில இருந்து கிடங்குக்கு இறக்கறேன். சரக்கு உள்ள போயிடுச்சுன்னு சீட்டு வந்துட்டா, லாரியைப் பெருக்கிக் காலியா அனுப்பணும். நாலு மூட்டையை மேலயே விட்டு வச்சா மேஸ்திரி தோலை உரிச்சிடுவான். நீ சேர்ந்துடுச்சுன்னு சீட்டு குடுத்த. நான் லாரியைக் காலி பண்ணேன்.

— ஆனா இது மூட்டை இல்லையேண்ணே. ஒரே குரல் அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும்.

— ஒரே மூட்டை ரெண்டு இடத்துல எப்படிம்மா இருக்கும்? முதுகுல தூக்கிப் பாத்திருந்தா நீ இப்படிச் சொல்ல மாட்ட.

— சரி, சரி. அந்த வரியை எழுதினதே நான்தான். லேப்டாப்ல இடம் பத்தாம திண்டாடறவங்களுக்காகப் போட்டது. ஒரு நிமிஷம் இருங்க. ஆறாவது நாள்... அது நடந்து எத்தனை நாள்? இன்னியோட நாப்பத்தாறு.

— இருக்கட்டுமே. கிடங்கு வாடகை ஏதாவது ஆகியிருந்தா அந்த நாலாயிரத்து எண்ணூறுல கழிச்சுக்கோ.

— அது இல்லண்ணே. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எங்க கிடங்கு உங்க கிடங்கு மாதிரி இல்ல. முகம் பாக்கற கண்ணாடி மாதிரி. உங்க லேப்டாப்ல என்ன இருக்கோ அதுதான் இங்கயும் இருக்கும். அங்க காலி ஆனது இங்க முப்பது நாள் வரைக்கும் இருக்கும். அதுக்கப்புறம்...

— அதுக்கப்புறம்?

— தானா அழிஞ்சிடும்.

— கண்ணாடின்னு எந்த இடத்துல எழுதியிருந்துச்சு? எழுதியிருந்தா படிச்சிருப்பேனே. நேரம் ஆகியிருக்கும், ஆனா படிச்சிருப்பேன்.

— எழுதல. முதல்ல ஒரு பக்கத்துக்கு இருந்துச்சு. உங்களை மாதிரி ஆளுங்க குழம்பிடக் கூடாது, எளிமையா இருக்கட்டும்னு நான்தான் எடுத்தேன்.

— எளிமையாத்தான் இருந்துச்சு.

— முப்பது நாளுக்குள்ள எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேனே!

— போட்டேன். பதினோரு தடவை. பாதி மாசம் வெளியூர் லோடு. திரும்பி வந்து, அவ குரலைக் கேக்கலாம்னு திறந்தா ஒண்ணும் இல்ல. பதறல நான். கிடங்குல இருக்கு, எடுத்துக்கலாம்னு உள்ள போனா ரகசியச் சொல் கேக்குது. அது உனக்குத்தான் தெரியும், முதல் நாள் நீதான் தட்டிப் போட்ட. அதைக் கேக்கத்தான் பதினோரு தடவை. ரெண்டு தடவை நேர்லயும் வந்தேன். வாட்ச்மேன், மேடம் இல்லைன்னான்.

— பணம் கேக்கத்தான் போன் பண்றீங்கன்னு நினைச்சேன். உங்க நம்பரைப் பாத்தாலே போனைக் கவுத்து வச்சிடுவேன். இல்லைன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். உள்ளதான் இருந்தேன்.

— தெரியும். நம்பாம மேல ஏறி வந்தேன். உன் செருப்பு வாசல்ல கிடந்துச்சு.

— தெரிஞ்சுமா தட்டாம போனீங்க?

— உள்ள இருந்துக்கிட்டே இல்லைங்கறவங்களை என்ன பண்ண முடியும்? விடு. நானும் அப்படி இருந்தவன்தான்.

— இருங்க, தேடறேன். சர்வர்ல ஏதாவது மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டிருக்கும். ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம்ணே.

— தேடு. அவசரம் இல்ல. வீட்டுலயும் யாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இல்ல.

— இல்ல. ஒன்பதும் போச்சு. அந்த வேலையை மட்டும் ஒழுங்காச் செஞ்சிருக்கு என் சாஃப்ட்வேர்.

— சரி.

— உங்க பொண்ணுக்கிட்டயே திருப்பி அனுப்பச் சொன்னா என்ன?

— பேசி நாலு வருஷம் ஆச்சு. ஒருத்தனைப் பிடிச்சிருக்குன்னா. எனக்குப் பிடிக்கல. வாய்க்கு வந்ததைப் பேசினேன். போனவ அந்த லேப்டாப்பை எனக்குன்னு வச்சுட்டுப் போனா. இந்த முக்கோணத்தை அமுக்கு, நான் பேசறது கேக்கும்னா. படிக்கத் தெரியாத அப்பனுக்கு வேற எப்படிக் கடிதம் போடுவா? ஒன்பது தடவை பேசினா. அப்புறம் இல்ல.

— நீங்க பதில் பேசலையா?

— இல்ல.

— எந்தப் பட்டன்னு தெரியலையா?

— தெரியலைன்னு சொல்லிக்கிட்டேன்.

— யாரையாவது கேட்டிருக்கலாமே.

— கேட்டிருக்கலாம். நடுவுல ஒரு தடவை நேர்லயே வந்தா. கதவைத் தட்டினா. நான் உள்ளதான் இருந்தேன். என் செருப்பு வெளிய கிடந்துச்சு. அவளும் பாத்திருப்பா. அதுக்கப்புறம் வந்ததுதான் ஒன்பதாவது. கோபமே இல்ல அதுல. கோபப்பட்டிருந்தாக்கூடத் தேவலை.

— ஒன்பதாவது... அண்ணே, மூணாவது நாள் இங்க வச்சு ஒண்ணைப் போட்டுக் காட்டினீங்களே, அதா?

— ஆமா. லேப்டாப்பை இதே மேசையிலதான் வச்சேன். உங்க தம்பிகூட, குரல் தெளிவா இருக்குன்னு சொன்னான்.

— ஒரு நிமிஷம்! நீங்க எங்கெங்க தடுமாறுறீங்கன்னு பாக்கறதுக்கு ஆறு நாளும் பதிவு பண்ணோம். முதல் நாளே ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினேன், ஞாபகம் இருக்கா?

— இருக்கு. தம்பி படிச்சுச் சொன்னான், நான் விரல் வச்சு கூடவே படிச்சேன். 'பணம் கொடுத்த அன்றே பதிவுகள் அழிக்கப்படும்.' கீழ என் பேரு. அதுல ஒரு எழுத்தைத் தலைகீழாப் போட்டு அடிச்சு எழுதினேன்.

— பணம்தான் குடுக்கலையே நான்! அதனால அழிக்கல. இதோ பாருங்க, ஆறு நாளும் இருக்கு. மூணாவது நாள்... நீங்க வரீங்க, தண்ணி குடிக்கறீங்க... இங்கதான். போடறேன், கேளுங்க.

— "அப்பா, நான்தான். நல்லா இருக்கியா? இது கடைசிப்பா, இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணல. எங்க வீட்டு விலாசத்தைச் சொல்றேன், யாரையாவது எழுதி வைக்கச் சொல்லு. ரயில்வே கேட் தாண்டி வா. மரப் பட்டறைத் தெரு. அதுல கடைசியில இருந்து..."

— "அண்ணே, அதை அப்புறம் கேட்டுக்கலாம். நேரம் ஆகுது. இப்போ பச்சைப் பட்டனை அமுக்குங்க."

— அது யாரு, நடுவுல பேசினது?

— நான். அது என் குரல்ணே. அதோட நீங்க நிறுத்திட்டீங்க. வீட்டு நம்பர் வரதுக்குள்ள நான் நிறுத்த வச்சுட்டேன்.

— அழாத.

— எல்லாத்தையும் நான்தான் பண்ணியிருக்கேன். வரியை எழுதினது, போனை எடுக்காதது, இதையும்... அந்தத் தெருவுல வீடு வீடாப் போய் நான் கேக்கறேன்ணே. நாளைக்கு வாங்க வர்றவர்கிட்ட வர வேண்டாம்னு சொல்லிட்டு...

— பதினேழு.

— என்ன?

— கடைசியில இருந்து மூணாவது, பதினேழாம் நம்பர். மாடி வீடு. நீலக் கதவு. மணி வேலை செய்யாது, தட்டணும்.

— உங்களுக்குத் தெரியுமா?

— எழுதத் தெரியாத காலத்துல நாப்பது லாரிக் கணக்கை மண்டையில வச்சிருந்தவன்மா நான். ஒரு வீட்டு நம்பர் நிக்காதா? அவ சொன்ன அன்னிக்கே மனப்பாடம்.

— அப்போ... விலாசத்துக்காக வரலையா நீங்க?

— விலாசம் எனக்கு எதுக்கு? 'அப்பா'ன்னு ஆரம்பிக்கறா பாரு, அதுக்குத்தான். வேலை முடிஞ்சு வந்து, கை கழுவிட்டு, முக்கோணத்தை அமுக்கினா ஒன்பது தடவை கூப்பிடுவா. அதைக் கேட்டுட்டுப் படுப்பேன்.

— தெரிஞ்சும் இத்தனை நாளா ஏன் போகல?

— அவதான் வீட்டுல இருந்தாளே. பெட்டிக்குள்ள. நான் பதில் சொல்லலைன்னாலும் அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. இந்த ஒரு மாசம்தான் வீடு வீடா இல்ல. சுவத்துக் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும்னு இப்போதான் தெரிஞ்சுது.

— எனக்கும் இங்க கடிகாரச் சத்தம் கேக்குதுண்ணே. எல்லாரும் போன பிறகு.

— அந்த வரியை மாத்திடும்மா. நாளைக்கு ஆள் வரதுக்குள்ள.

— எப்படி மாத்தட்டும்? நீங்களே சொல்லுங்க.

— 'இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. ஒண்ணைத் தூக்கிப் போட்டா இன்னொண்ணும் போயிடும்.' அவ்வளவுதான். எழுத்துக் கூட்டறவனுக்கும் புரியும். பயந்து கையை எடுத்துடுவான்.

— அப்படியே போடறேன். அண்ணே, இந்த மூணாவது நாள் பதிவுல ஒரு 'அப்பா' முழுசா இருக்கு. என் குரல் வரதுக்கு முன்னாடி வெட்டிடறேன். உங்க லேப்டாப்ல ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, தனிப் பெட்டியில ஒண்ணு. மூணு இடம். இந்த ஜென்மத்துல போகாது.

— வேணாம்.

— ஏண்ணே?

— வீட்டுல வச்சா மறுபடி அது முன்னாடியே உக்காந்துடுவேன்.

— சரி, அப்போ இங்கயே இருக்கட்டும். அந்தப் பணத்தை எடுத்துக்காதீங்க, பாக்கியாவே கிடக்கட்டும். பணம் குடுக்காத வரைக்கும் நான் அழிக்க வேண்டியதில்ல. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு.

— அதை இந்தப் பக்கம் தள்ளு.

— எடுத்துட்டீங்கன்னா அதுவும் போயிடும்ணே. இருக்கறது அது ஒண்ணுதான்.

— ஐநூறு, ஆயிரம்... நாலாயிரம்... எண்ணூறு. சரியா இருக்கு, நமக்குள்ள பாக்கி இல்ல. நீ பேப்பர்ல போட்டபடி அழிச்சிடும்மா, நான் போய்க் கதவைத் தட்டறேன்.