பத்துக் கைக் கட்டி

— அடியே வாலு, என்னைச் சிரிக்க வைக்காத! ஸ்கேனுக்காக ஒன்றரை லிட்டர் தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருக்கேன்.

— நான் என்ன பண்ணேன் அண்ணி? லேபுல நாள் பூரா எதைப் பாக்கறேன்னு நீங்கதானே கேட்டீங்க.

— சரி, சிரிக்காம சொல்லு.

— கேளுங்க அண்ணி. கர்ப்பப்பைக் கட்டியில ஒரு துண்டு, பக்கத்துல இருக்கற நல்ல தசையில ஒரு துண்டு. சாயம் போட்டா, ஹார்மோனைப் பிடிக்கற ரிசெப்டர் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் பழுப்பாத் தெரியும். ரெண்டுக்கும் வர்றது ஒரே ஹார்மோன்தான். ஆனா தசைக்கு ரெண்டு கைன்னா, கட்டிக்குப் பத்துக் கை. அள்ளி அள்ளித் தின்னுட்டுக் கொழுக்குது.

— அய்யோ சாமி! என் வயித்துக்குள்ளயே உக்காந்துக்கிட்டு இந்த வேலையா!

— அதுக்குத்தான் உங்களுக்கு அந்த மாத்திரை. ஹார்மோனையே அடக்கிடும். பத்துக் கையும் வெறுங்கையா நிக்கும்.

— உங்க அண்ணனுக்கு ஒரு ரிசெப்டராவது இருக்காடி? நான் பேசறது எதுவுமே உள்ள போறதில்லையே!

— அண்ணி! என்னையும் சிரிக்க வைக்காதீங்க.

— உனக்கென்ன, நீ தாராளமாச் சிரி. ஏன்டி காலைப் பின்னிக்கிட்டு உக்காந்திருக்க?

— ஏசி. குளுருது.

— மூணு மாசம் மாத்திரை முழுங்கியாச்சு. ஆறு சென்டிமீட்டருக்குக் கீழ வந்திருந்தா தப்பிச்சேன். இல்லேன்னா திங்கக்கிழமை கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்க. பயமா இருக்குடி. பயத்துலதான் இந்தச் சிரிப்பு.

— எனக்கும்தான் அண்ணி. கூப்பிடறாங்க, எந்திரிங்க. மெதுவா!

— படுங்கம்மா. ஜெல் தடவறேன், ஜில்லுன்னு இருக்கும்.

— பாத்து அமுக்குங்க டாக்டர், அணை உடைஞ்சுடும்!

— சிரிக்காதீங்கம்மா, படம் ஆடுது. கூட வந்தவங்களும் கொஞ்சம் வாயை மூடுங்க.

— போன தடவை எட்டு சென்டிமீட்டர் இருந்துச்சு, டாக்டர். இப்போ?

— இருங்க... அஞ்சு. அஞ்சுக்கும் கொஞ்சம் கம்மிதான்.

— வாலு! அஞ்சாம்டி! பத்துக் கைக்காரி தோத்துட்டா! நகரு நகரு, பாத்ரூம் எந்தப் பக்கம்? ஏய், நீ ஏன்டி அழற? வா என்கூட.

— நீங்க ஓடுங்க அண்ணி. எனக்கும் ரெண்டு வருஷமா ஒண்ணு இருக்கு, யார்கிட்டயும் மூச்சு விடலை. உங்களுது சுருங்கலேன்னா இந்த டோக்கனைக் கிழிச்சுப் போட்டுட்டு ஓடியிருப்பேன். டாக்டர், அடுத்த ஆள் நான்தான். நானும் ஒன்றரை லிட்டர் குடிச்சிருக்கேன், சீக்கிரம் பாருங்க!