நான்கு அங்குல எழுத்து

என் கையெழுத்து அழகாக இருக்கும். எங்கள் தேவாலயத்தின் விருந்து அட்டைகளை இருபது வருடமாக நான்தான் எழுதுகிறேன். ரோண்டாவின் கதவில் இருந்த அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அதுவும் நான் எழுதியதுதான்.

டென்னசிக்கு வந்த புதிதில் அப்பா கட்டிய வீடு இது. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நானும் தங்கை ஐடாவும். அந்தப் பக்கம் வாடகைக்கு ரோண்டா. போன அக்டோபரில் அவள் கைத்துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்துவிட்டது. சுவர் என்பது இரண்டு மெல்லிய அட்டைப் பலகைதான். இந்தப் பக்கம் ஐடா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

விபத்து என்று உங்கள் போலீஸ் அலுவலகம் எழுதியது. அடக்கத்தன்று ரோண்டா கோழியும் சோறும் வேகவைத்து எடுத்து வந்தாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டேன். துப்பாக்கி கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லையே, அது அவள் உரிமை என்றார் நீதிபதி. சரியாகத்தான் சொன்னார்.

மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த வரியைச் சேர்த்தேன். ரோண்டா தாளோடு வந்தாள்.

"மிஸ் வெர்னா, மே மாசம் என் பழைய புருஷன் டுவேன் ஜெயில்லேர்ந்து வர்றான். என்னை என்ன செய்வேன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனான். எனக்கு இருக்கிற துணை அது ஒண்ணுதான்."

"நாய் வளத்துக்கோ கண்ணு. நாய்க்கு நான் தடை போடல."

"மிஸ் ஐடாவ நினைச்சு தெனமும் அழுறேன்."

"தெரியும். சுவர் வழியா கேக்குது."

அவளுக்கு வேறு வீடு அமையவில்லை. கையெழுத்துப் போட்டாள். துப்பாக்கியை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

மாதம் ஒருமுறை சோதனைக்குப் போவேன். ஒரு நாள் முன்னதாகக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டுத்தான் போவேன்; அது முறை. சோதனையின் முடிவையும் ஒட்டினால் என்ன என்று தோன்றியது. 'இந்த வீடு சோதிக்கப்பட்டது. உள்ளே துப்பாக்கி இல்லை.' கீழே தேதி, என் பெயர்.

மே மாதம் டுவேன் வந்தான். முன்னாள் மனைவியின் வாசலை மிதிக்கக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. அதனால் எதிரே தேவாலயத்து மைதானத்தில் ட்ரக்கை நிறுத்தி, சூரியகாந்தி விதை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். அங்கிருந்து கதவு இருநூறு அடி. அவ்வளவு தூரத்தில் படிக்க எழுத்து நான்கு அங்குலம் இருக்கவேண்டும். பெரிய அட்டையில், சிவப்பு மையில் எழுதினேன்.

"அத எடுத்துடுங்க மிஸ் வெர்னா. அவன் படிச்சிடுவான்."

"அவ்வளவு நல்ல கண்ணா அவனுக்கு?"

அவள் கிழித்தாள். கதவு என்னுடையது. மறுபடி ஒட்டினேன். எழுத்து தெரிகிறதா என்று மைதானத்துக்குப் போய் நின்று பார்த்தேன். டுவேன் ட்ரக்கின் கண்ணாடியை இறக்கினான்.

"ஏ கெழவி, அதுல போட்டிருக்கிறது நெசமா?"

"நான் பொய் எழுதுறதில்ல தம்பி. ஒவ்வொரு இழுப்பறையும் நானே தொறந்து பாத்தேன்."

விதைத் தோலைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ரோண்டா என் பக்கச் சுவரைத் தட்டினாள். ஐடாவின் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். எழவில்லை. மூன்று வெடிச் சத்தம். ஒரு குண்டும் இந்தப் பக்கம் வரவில்லை. மிச்சம் இருந்ததை உரித்து முடித்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

அவன் படிக்கவேண்டும் என்றுதான் எழுதினேன். அதை மறைக்கவில்லை. ஆனால் சுட்டது அவன். என் வீட்டில் துப்பாக்கி கிடையாது. ரோண்டாவும் கடைசிவரை ஒப்பந்தத்தை மீறவில்லை. யார் கேட்டாலும் நல்ல குடித்தனக்காரி என்றுதான் சொல்வேன்.

ஐடாவுக்கு நீங்கள் எழுதிய அதே சொல்லை இதற்கும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.