தடுப்புப் பட்டியலில் ஒரு வரி

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு அவசரமில்லை, நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பழைய ஃபைல்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தக் கம்ப்யூட்டரை உள்ளே விடக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு கம்ப்யூட்டரின் எண்ணை எழுதிவிட்டால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் அதில் எதுவும் திறக்காது. பக்கத்து அறையில் அதே ஃபைல் ஜம்மென்று திறக்கும்.

அவசரப் பிரிவு டாக்டர் என் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவன். மாமியார் வீட்டில் பதினோரு வருடம் நான்தான் மாப்பிள்ளை. அவன் வந்த மறுநாளே 'பெரிய மாப்பிள்ளை' ஆகிவிட்டேன், அதாவது பழையவன். மாமனார் தும்மினால்கூட அவனுக்குத்தான் போன் போகும். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதுங்கள்.

போன மாதம் அவன் கம்ப்யூட்டரின் எண்ணைப் பட்டியலில் சேர்த்தேன். "அண்ணே, திறக்கமாட்டேங்குதுண்ணே" என்று கூப்பிடுவான். போய் வயரை ஆட்டுவேன், பாஸ்வேர்டை மாற்றுவேன், அரைமணி நேரம் மண்டையைச் சொறிவேன். பிறகு என் அறைக்கு வந்து அந்த வரியை எடுப்பேன். "நீங்க இல்லேன்னா எங்க பொழப்பு அவ்வளவுதாண்ணே" என்பான். இரண்டு நாள் கழித்து மறுபடி சேர்ப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், ஐயா.

செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டான். "அண்ணே, மாமாவைக் கொண்டுவந்திருக்காங்க. காய்ச்சல் கொதிக்குது, பேச்சில்ல. பென்சிலின் போடணும், பழைய ஃபைல் திறக்கல."

வரியை எடுக்க ஐந்து வினாடி போதும். கை கீபோர்டில்தான் இருந்தது. அப்போது போனில் அத்தையின் குரல் கேட்டது. "பெரிய மாப்பிள்ளையை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க, மாப்பிள்ளை? நீங்க இருக்கீங்களே, அது போதும்."

கையை எடுத்துவிட்டேன்.

"பக்கத்து ரூம்ல போய்ப் பார்க்கட்டுமாண்ணே?"

"வேணாம்ப்பா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, ரெண்டு நிமிஷத்துல வந்துடும்."

வரவில்லை. மாமா கிடந்த கிடப்பைப் பார்த்து, அதற்குமேல் காத்திருக்காமல் ஊசியைப் போட்டுவிட்டான். முகம் வீங்கி, மூச்சடைத்து, மதியத்துக்குள் போய்விட்டார். பென்சிலின் ஆகாது என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

அதை எழுதச் சொன்னவனே நான்தான். நான்கு வருடத்துக்கு முன் அதே ஊசியில் அவர் திணறியபோது பக்கத்தில் இருந்தது நான் மட்டும். அத்தை ஊரில் இல்லை. பயப்படுவார் என்று மாமா சொல்லவேண்டாம் என்றார்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருப்பேன், ஐயா. அவன் ஃபைலைத்தான் கேட்டான். மாமாவுக்கு எது ஆகாது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.